அடையாள அட்டை மட்டும் போதாது: குறைபார்வையோடு பி.காம் முடித்த அனுபவம்

பி.காம் முடித்துவிட்டேன், மதிப்பெண் பட்டியலும் கைக்கு வந்துவிட்டது. இந்தப் படிப்பில் கணக்குப்பதிவியலைவிட மனு எழுதத்தான் அதிகம் கற்றுக்கொண்டேன் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்போம், ஆனால் அதில் பாதிதான் சிரிப்பு. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு என்னென்ன உதவி இருக்கிறது என்று தேடினால் பெரிய பட்டியலே வரும். சட்டம் இருக்கிறது, யுஜிசி வழிகாட்டுதல் இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது. அதில் ஒன்றை உங்கள் பரீட்சை அறைக்குள் கொண்டுவர யார் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், எந்த ஜன்னல் முன்னால் நிற்க வேண்டும் என்பதைத்தான் யாரும் எழுதிவைக்கவில்லை. ஒரு அரியர் விழுந்து, ஒரு வருட உதவித்தொகை போய், அலைச்சலும் ஜெராக்ஸும் மறுமதிப்பீட்டுக் கட்டணமுமாக ரூ. 20,000-க்கு மேல் செலவான பிறகுதான் எனக்கு இதெல்லாம் தெரிந்தது. இந்த வருடம் கல்லூரியில் சேரப்போகிற யாருக்காவது முன்கூட்டியே தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது ஸ்டார்கார்ட் என்ற விழித்திரை நோய். பரம்பரையாக வருவது, எனக்குப் பத்தாம் வகுப்பில் தெரிய ஆரம்பித்தது. பார்வையின் நடுப்பகுதி மங்கிவிடும், ஓரம் தெரியும். அதனால் நடந்து போவேன், படி இறங்குவேன், ஆனால் எதிரே நிற்பவரின் முகம் தெரியாது, கரும்பலகை தெரியாது, சாதாரண அச்சைப் படிக்க உருப்பெருக்கியை வைத்து ஒவ்வொரு சொல்லாக நகர்த்த வேண்டும். கண்ணாடி போட்டால் சரியாகாது. பார்ப்பதற்கு என் கண்ணில் ஒரு குறையும் தெரியாது என்பதால் இதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. முழுப் பார்வையில்லாத சீனியர் அண்ணன் ஒருவர் முதல் வாரத்திலேயே சொன்னார்: "என்னைப் பார்த்தா நம்பிடுவாங்கம்மா, உன்னை நம்ப மாட்டாங்க. உனக்குத்தான் பேப்பர் ஜாஸ்தி வேணும்." அப்போது விளையாட்டாகச் சொல்கிறார் என்றிருந்தேன்.

அட்மிஷன் மட்டும் சுலபமாக முடிந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 32-ஆவது பிரிவு, அரசுக் கல்லூரிகளும் அரசு உதவி பெறும் கல்லூரிகளும் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது, வயது வரம்பிலும் 5 வருடம் தளர்வு உண்டு. என்னிடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் கொடுத்த அடையாள அட்டை இருந்தது, மத்திய அரசு தரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடி அட்டையும் இருந்தது. விண்ணப்பத்தில் டிக் செய்தேன், சான்றிதழ் நகல் கொடுத்தேன், இடம் கிடைத்தது. அந்த டிக் அட்மிஷன் கோப்போடு அலமாரிக்குள் போய்விட்டது. துறைக்கும் போகவில்லை, தேர்வுப் பிரிவுக்கும் போகவில்லை, உதவித்தொகை பார்க்கும் ஜன்னலுக்கும் போகவில்லை. ஒரே கட்டடத்தில் இருக்கும் நான்கு அறைகள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளாது என்பது மாணவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆகவே முதல் யோசனை இதுதான். சேர்ந்த முதல் மாதத்திலேயே, சான்றிதழ் நகல் இணைத்து, உங்களுக்கு என்ன குறைபாடு, வகுப்பில் என்ன வேண்டும், தேர்வில் என்ன வேண்டும் என்று ஒரே பக்கத்தில் கடிதம் எழுதி, முதல்வர், துறைத்தலைவர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், உதவித்தொகைப் பிரிவு என்று தனித்தனியாகக் கொடுத்துவிடுங்கள். ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிவைப்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

முதல் செமஸ்டர் தேர்வு. நிதிநிலைக் கணக்கியல் வினாத்தாள், சின்ன எழுத்தில் அடித்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்தது. அறைக் கண்காணிப்பாளரிடம் அட்டையைக் காட்டிக் கூடுதல் நேரம் கேட்டேன். அவர் தலைமைக் கண்காணிப்பாளரிடம் அனுப்பினார். அவர் ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டு, "உன் பேர் இதுல இல்லையேம்மா, சிஓஇ ஆபீஸ்லேர்ந்து ஆர்டர் வந்தாத்தான் நான் தர முடியும்" என்றார். சிஓஇ என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரிடம் அந்த அதிகாரம் கிடையாது. ஆனால் அந்தப் பேச்சிலேயே ஆரம்ப நேரம் போய்விட்டது. மூன்று மணி நேரத்தில் பாதி வினாவைப் படிக்கவே சரியாகப் போனது. தெரிந்த கணக்கைப் போட நேரமில்லாமல் பேனாவை மூடி வைப்பது போன்ற எரிச்சல் வேறு இல்லை. ரிசல்ட்டில் அந்த ஒரு தாள் போயிருந்தது. மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டினோம், எழுதாத பக்கத்துக்கு யார் மறுபடி மதிப்பெண் போடுவார்கள், அதுவும் வீண். அன்று இரவு படிப்பை விட்டுவிடலாமா என்றுகூடப் பேசினேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் அரியர் ஃபீஸுக்குக் கடைசித் தேதி எப்போது என்று மட்டும் கேட்டார்.

அதன்பிறகுதான் தேட ஆரம்பித்து, 2018 ஆகஸ்ட் 29 தேதியிட்ட ஒரு ஆவணத்தைப் பிடித்தேன். குறைபாடு உள்ளவர்களுக்கு எழுத்துத் தேர்வு நடத்துவதற்காக மத்திய சமூகநீதி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல். உங்களுக்கு இது தொடர்பான எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் அதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே சொல்வது நான் படித்தபோது இருந்த 2018 விதி, 2025-இல் அமைச்சகம் புதிய வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது, அதையும் அமைச்சகத் தளத்தில் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஸ்கிரைப் (நாம் சொல்லச் சொல்ல நமக்காகத் தேர்வு எழுதுபவர்) விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு. தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈடுசெய்யும் நேரம் தர வேண்டும், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். ஸ்கிரைப் வைத்துக்கொள்ளாமல் தானே எழுதுகிறவர்களுக்கும் இந்த நேரம் உண்டு. பல கல்லூரிகளில் 'ஸ்கிரைப் வச்சா டைம் உண்டு, இல்லேன்னா கிடையாது' என்று வாய்வழக்காக ஒரு விதி ஓடுகிறது, அது இந்த ஆவணத்தில் இல்லை.

இரண்டாவது விஷயத்தில்தான் என்னைப் போன்ற குறைபார்வைக்காரர்கள் மாட்டிக்கொள்கிறோம். முழுப் பார்வையின்மை, இரண்டு கைகளும் பாதிக்கப்பட்டவர்கள், பெருமூளை வாதம் உள்ளவர்கள், இந்த மூன்று வகையினர் கேட்டாலே ஸ்கிரைப் தர வேண்டும் என்றது 2018 ஆவணம். மற்ற எல்லோரும், குறைபார்வை உட்பட, எழுதுவதில் உடல்ரீதியான சிரமம் இருக்கிறது, ஸ்கிரைப் அவசியம் என்று அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவ அலுவலர், சிவில் சர்ஜன் அல்லது மருத்துவக் கண்காணிப்பாளரிடமிருந்து தனியாக ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த ஆவணத்தின் முதல் பின்னிணைப்பாக அந்தப் படிவம் இருக்கிறது. யுடிஐடி அட்டை இருந்தாலும் இது வேண்டும். சீனியர் அண்ணன் சொன்ன 'பேப்பர் ஜாஸ்தி' இதுதான்.

சரி, படிவத்தை எடுத்துக்கொண்டு ஜி.எச். போனேன். கண் பிரிவில் வரிசையில் நின்று உள்ளே போனால், படிவத்தைப் புரட்டிப் பார்த்த டாக்டர், "ஏம்மா, பிரச்சினை கண்ணுலதானே, கையில இல்லையே? எழுதுறதுல சிரமம்னு நான் எப்படிக் கொடுக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி போலத்தான் இருந்தது, எனக்கே ஒரு நிமிடம் பதில் வரவில்லை. கோட்டின் மேல் எழுத முடியாது, எழுதியதைத் திரும்பப் படிக்க முடியாது, எண்களைக் கட்டத்துக்குள் போட முடியாது என்று விளக்கினேன். நம்பவில்லை என்று சொல்ல முடியாது, கையெழுத்துப் போடத் தயங்கினார். அப்புறம் வேறொரு நாள், பழைய கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு வரி மேலே ஏறி, அடுத்த வரி அதன் மேலேயே விழுந்து, தொகை வர வேண்டிய இடத்தில் விவரம் கிடக்கும் பக்கம். அதைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் கேட்கவில்லை. பார்வைத் திறனைச் சோதித்து, ஓ.பி. சீட்டில் தெளிவாக எழுதி, படிவத்திலும் கையெழுத்துப் போட்டார். அதற்குமேல் கண்காணிப்பாளர் அறை. அவர் மீட்டிங்கில் இருந்தார், மறுநாள் வரச் சொன்னார்கள், மறுநாள் விடுப்பு. இப்படியே கொஞ்ச நாள் ஓடியது.

இதில் நான் சொல்ல வருவது, படிவத்தை மட்டும் நீட்டினால் காரியம் ஆகாது. வழிகாட்டுதல் ஆவணத்தையும் கூடவே கொண்டுபோய், 'மற்ற வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு' என்று வரும் பத்தியை அடிக்கோடிட்டுக் காட்டுங்கள். அந்தந்தக் குறைபாட்டுக்கான சிறப்பு மருத்துவர்தான் சான்றளிக்க வேண்டும் என்று படிவத்தின் அடியிலேயே குறிப்பு இருக்கிறது, பார்வைக் குறைபாட்டுக்குக் கண் மருத்துவர் என்று உதாரணமும் போட்டிருக்கிறது. சிறப்பு மருத்துவர், மேலதிகாரி இரண்டு பேரின் கையெழுத்தும் பதவி முத்திரையும் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வருமுன் யாரையாவது படித்துக்காட்டச் சொல்லுங்கள். என்னுடையதில் முதல்முறை முத்திரை விழவில்லை, தேர்வுப் பிரிவு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. உங்கள் கையெழுத்தின் மாதிரி, பழைய விடைத்தாள், டிஸ்கிராஃபியா (எழுதுவதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) என்றால் எழுத்துப் பிழைகள் உள்ள நோட்டு, இப்படிக் கண்ணால் பார்க்கக்கூடிய எதையாவது எடுத்துப் போங்கள். அட்டையில் இருக்கும் சதவீதத்தை வைத்து உங்கள் சிரமம் என்னவென்று யாருக்கும் புரியாது.

தேர்வுப் பிரிவுக்கு வருவோம். அங்கே வாயால் பேசி எந்தப் பயனும் இல்லை. "பார்த்துக்கலாம்மா, எக்ஸாம் டைம்ல வா" என்று ஒரு கிளார்க் அண்ணன் அன்பாகத்தான் சொல்வார், எக்ஸாம் டைமில் அவர் வேறு பிரிவுக்கு மாறியிருப்பார். கடிதத்தைத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள், செலவு கொஞ்சம்தான். கடிதத்தில் 'தகுந்த உதவி செய்யவும்' என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த செமஸ்டர், எந்தெந்தத் தாள், எத்தனை நிமிடம் ஈடுசெய்யும் நேரம், ஸ்கிரைப் வேண்டுமா வேண்டாமா, வினாத்தாள் பெரிய எழுத்தில் வேண்டுமென்றால் எந்த அளவில், தரைத்தளத்தில் அறை வேண்டுமா, எல்லாவற்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். நான் '20 அளவு எழுத்து' என்று கேட்டிருந்தேன். முதல் தடவை ஏ4 வினாத்தாளை ஏ3 தாளில் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள். எழுத்து பெரிதானதோ இல்லையோ, மங்கல் நன்றாகவே பெரிதாகியிருந்தது. அடுத்த முறை 'ஜெராக்ஸில் பெரிதாக்கக் கூடாது, கணினியிலேயே எழுத்து அளவை மாற்றி அச்சிட வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தேன், சரியாக வந்தது.

உருப்பெருக்கிக்கும் தனியாக அனுமதி வாங்குங்கள். கண்ணாடி லென்ஸ் என்றால் யாரும் கேட்பதில்லை. திரை வைத்த எலக்ட்ரானிக் உருப்பெருக்கி பார்ப்பதற்கு போன் மாதிரியே இருக்கும், பறக்கும் படை வந்தால் முதலில் அதைத்தான் எடுக்கும். கால்குலேட்டர் அனுமதிக்கப்படும் தேர்வில் பேசும் கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம் என்று அந்த 2018 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. பிரெயில் ஸ்லேட், அபாக்கஸ், வடிவியல் பெட்டி இதெல்லாமும் உண்டு. எந்தக் கருவியாக இருந்தாலும் அதன் பெயரும் படமும் கடிதத்தில் சேர்த்து, அனுமதி உத்தரவை ஹால் டிக்கெட்டோடு பின் அடித்து வைத்துவிடுங்கள். தேர்வு அறையில் வாக்குவாதம் செய்தால் போவது உங்கள் நேரம்தான்.

ஸ்கிரைப் கதை தனிக் கதை. நாமே ஆள் கொண்டுவரலாம், அல்லது தேர்வு நடத்துபவர்களிடம் கேட்கலாம். 2018 விதிப்படி நாம் கொண்டுவருபவர் நம் படிப்பைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்றிருந்தது. அதன்படி பி.காம் எழுதுகிறவருக்கு ப்ளஸ் டூ முடித்தவர் எழுதலாம். கேட்க எளிதாக இருக்கும். தேர்வு நேரத்தில் ப்ளஸ் டூ முடித்த எல்லோரும் தாங்களே ஒரு கல்லூரியில் தேர்வு எழுதிக்கொண்டிருப்பார்கள் என்பதை விதி எழுதியவர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை. எனக்குக் கிடைத்தது பக்கத்துத் தெரு பெண், ப்ளஸ் டூவில் உயிரியல் படித்தவள். நல்ல கையெழுத்து, நல்ல பொறுமை. கணக்குகளைத் தலைப்பு வாரியாக எழுதும் பேரேடு என்றால் என்னவென்றே தெரியாது.

கணக்குத் தாளை ஸ்கிரைப்புக்குச் சொல்லி எழுதவைப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதை யாரும் சொல்லித்தருவதில்லை. கட்டுரை என்றால் நாம் சொல்லச் சொல்ல எழுதிவிடுவார்கள். இங்கே பக்கத்துக்கு நடுவில் கோடு, இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு, ஒவ்வொன்றிலும் தேதி, விவரம், தொகை. நான் "டூ கேபிடல்" (விவரத்துக்கு முன்னால் எழுதும் ஆங்கில To) என்று சொன்னால் அவள் ஆங்கிலத்தில் எண் இரண்டைப் போட்டுவிட்டு "அப்புறம் என்ன அக்கா?" என்றாள். பயிற்சியில் நடந்தது என்பதால் இரண்டு பேரும் சிரித்தோம், தேர்வில் நடந்திருந்தால் அழுதிருப்போம். அதன்பிறகு எங்களுக்குள் ஒரு மொழி வைத்துக்கொண்டோம். முதலில் 'இடது' அல்லது 'வலது' என்பேன், பிறகு விவரம், பிறகு 'தொகை' என்று நிறுத்தி எண்ணைச் சொல்வேன். எண்ணைப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு என்று சொல்லக் கூடாது, ஒன்று, எட்டு, ஐந்து, பூஜ்யம், பூஜ்யம் என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும், அவள் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்த வரி. மொத்தங்களை மட்டும் நானே தடித்த பேனாவால் ஒரு வெள்ளைத்தாளில் பெரிதாக எழுதிவைத்துக்கொள்வேன், ஐந்தாறு எண்தான் ஒரு பக்கத்தில் கொள்ளும். இருப்புநிலைக் குறிப்பு இரண்டு பக்கமும் சமமாக வராவிட்டால் அவளை முழுவதும் படிக்கச் சொல்லாமல், அந்தத் தாளை வைத்து எந்தத் தலைப்பில் இடிக்கிறது என்று கண்டுபிடிப்பேன். பழைய வினாத்தாளை வைத்து முழு நேரமும் உட்கார்ந்து இப்படிப் பயிற்சி எடுக்காமல் தேர்வுக்குப் போகவே போகாதீர்கள். கல்லூரி தரும் ஸ்கிரைப் என்றால் இரண்டு நாள் முன்பே அவரைச் சந்திக்க அனுமதிக்க வேண்டும் என்று 2018 விதியில் இருந்தது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரே ஆளை நம்பியும் இருக்க முடியாது. ஒரு தேர்வுக்கு முந்தின நாள் இரவு அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அவசர நேரத்தில் ஸ்கிரைப்பை மாற்றிக்கொள்ளலாம், வேறு வேறு தாளுக்கு வேறு வேறு ஆளும் வைத்துக்கொள்ளலாம் என்று விதி சொல்கிறது, ஆனால் மாற்று ஆளின் சான்றிதழ் நகல், புகைப்படம், உறுதிமொழிப் படிவம் எல்லாம் காலையில் எங்கே கிடைக்கும்? என் அத்தை மகன் வந்து எழுதிக்கொடுத்தான், அனுமதி வாங்குவதற்குள் தேர்வு தொடங்கிவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு செமஸ்டரும் இரண்டு பேரின் படிவங்களையும் சேர்த்தே கொடுத்துவிடுவேன். அவர்களுக்குப் பேருந்துக் காசு, சாப்பாடு, கைச்செலவுக்கு ஏதாவது கொடுங்கள். சொந்தக்காரர்கள்தானே என்று விட்டுவிட்டால் அடுத்த செமஸ்டர் போனை எடுக்க மாட்டார்கள், அதில் தப்பும் சொல்ல முடியாது.

பாடப் பொருள் விஷயம். கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைச் சத்தமாகப் படித்துக்காட்டும் மென்பொருள்) இலவசம், ஆண்ட்ராய்டு போனில் அதே வேலையைச் செய்யும் டாக்பேக் ஏற்கெனவே இருக்கிறது, விண்டோஸிலேயே உருப்பெருக்கி இருக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்து மென்பொருள் வாங்குமுன் இவற்றைப் பழகிப் பாருங்கள். பிரச்சினை மென்பொருளில் இல்லை, நமக்கு வரும் கோப்பில் இருக்கிறது. ஆசிரியர்கள் அனுப்பும் நோட்ஸ் பாதி, புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்து பிடிஎஃப் ஆக்கியது, திரைவாசிப்பானுக்கு அது வெறும் வெள்ளைத்தாள். தமிழ் வழி நோட்ஸ் என்றால் பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது. பார்ப்பவர்களுக்கு 'அம்மா' என்று தெரியும், திரைவாசிப்பான் 'எம் கே செமிகோலன் கே எச்' என்று படிக்கும். அப்படிப்பட்ட கோப்பு வந்தால் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள், படமாக இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸாகத் திறந்தால் தமிழையும் ஓரளவு நன்றாகவே எடுத்துக்கொடுக்கும், அட்டவணைகள் மட்டும் குழம்பிவிடும். ஆசிரியரிடம் பிடிஎஃபுக்குப் பதிலாக அவர் தட்டச்சு செய்த மூலக் கோப்பையே கேளுங்கள். 'காப்பிரைட் பிரச்சினை' என்று யாராவது தயங்கினால், 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் புத்தகத்தை மாற்றிக்கொள்ள விலக்கு கொடுத்திருக்கிறது என்று சொல்லலாம். அச்சுப் புத்தகம் படிக்க முடியாதவர்களுக்காகச் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் இருக்கிறது, உறுப்பினராகப் பதிந்துகொள்ளுங்கள். பி.காம் புத்தகங்கள் எனக்கு அதில் அதிகம் அகப்படவில்லை, இலக்கியம் படித்த தோழிக்கு நிறையக் கிடைத்தது.

உதவித்தொகையில் நான் இழந்தது ஒரு முழு வருடப் பணம். தேசிய உதவித்தொகைத் தளத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் திட்டம் இருக்கிறது, 11-ஆம் வகுப்பிலிருந்து முதுகலை வரை, பெற்றோர் ஆண்டு வருமானம் ரூ. 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு வேண்டும். நான் நேரத்துக்கு விண்ணப்பித்துவிட்டேன். ஆனால் நாம் சமர்ப்பித்த பிறகு கல்லூரியின் பொறுப்பு அலுவலர் தளத்தில் புகுந்து சரிபார்க்க வேண்டும், அதற்குத் தனிக் கடைசித் தேதி உண்டு. அந்த வருடம் பொறுப்பில் இருந்தவர் மாறிப்போய், புதியவருக்குக் கடவுச்சொல்லே கிடைக்கவில்லை. விண்ணப்பம் அப்படியே கிடந்து காலாவதியானது. "அடுத்த வருஷம் போட்டுக்கலாம்மா" என்றார்கள். போன வருடத்துப் பணம் அடுத்த வருடம் வராது. அன்றைக்கு நான் ஜன்னலிலேயே சத்தம் போட்டேன், இப்போது நினைத்தாலும் அந்தச் சத்தம் சரிதான் என்று படுகிறது. ஆகவே விண்ணப்பம் போட்டதோடு விடாமல், நிலவரப் பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள், கல்லூரி சரிபார்த்ததா என்று தெரியும். திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால் உடனே சரிசெய்து மீண்டும் அனுப்ப வேண்டும். ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் பணம் வரும், அந்தக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். தமிழ்நாடு அரசு பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்களுக்குத் தரும் வாசிப்பாளர் உதவித்தொகை தனி, அதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும். கல்லூரி ஆரம்பித்த உடனே போனால்தான் படிவம் கிடைக்கும், அந்தக் கல்லூரியில்தான் படிக்கிறீர்கள் என்று காட்டும் போனஃபைட் சான்றிதழ் இரண்டு மூன்று பிரதி சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதிக் கொடுத்தும் நடக்கவில்லை என்றால் என்ன செய்வது? கல்லூரியில் சம வாய்ப்பு மையம் என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் கல்லூரியில் பலகை இருந்தது, கதவு பூட்டியிருந்தது, பொறுப்பாசிரியர் யார் என்று கண்டுபிடிக்கவே நாளானது, கண்டுபிடித்த பிறகு அவர் நிஜமாகவே உதவினார். அரசு நிறுவனம் என்றால் சட்டத்தின் 23-ஆவது பிரிவுப்படி குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் பெயரைக் கேட்டே ஒரு தகவல் உரிமை மனு போடலாம். நான் போட்ட மனுவில் கேட்டது ஒரே கேள்வி: மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தேர்வில் எந்த விதிகளின்படி கூடுதல் நேரம் தரப்படுகிறது? பதில் வருமுன்பே என் பழைய கோப்பு நகர ஆரம்பித்துவிட்டது. சுயநிதிக் கல்லூரி என்றால் ஒன்றும் கேட்க முடியாது என்று நினைக்காதீர்கள், 16-ஆவது பிரிவு அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களையும் சேர்த்தே, ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களைச் செய்துதர வேண்டும் என்கிறது. கடைசிப் படி மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர், அவருக்கு நேரடியாகப் புகார் அனுப்பலாம். அங்கே போகும்போது முத்திரை வாங்கிய நகல்கள்தான் உங்கள் பக்கம் பேசும்.

40 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்கள் என்னைவிட அதிகம் அலைகிறார்கள். அவர்களுக்காக ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடு உள்ள விகாஷ் குமார் என்பவருக்கு, மத்திய அரசுப் பணிகளுக்குத் தேர்வு நடத்தும் யூபிஎஸ்சி ஸ்கிரைப் தர மறுத்தது. 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம், ஸ்கிரைப் வசதியை 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் அமைச்சகம் 40 சதவீதத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் வழிகாட்டுதல் வெளியிட்டது. கற்றல் குறைபாடு, மனநலப் பாதிப்பு, ரத்த நோய்கள் எல்லாம் சட்டத்தின் 21 வகைகளுக்குள் வருகின்றன, முன்பு 1995 சட்டத்தில் 7 வகைதான் இருந்தது. என் வகுப்பில் ஒருவனுக்கு டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு, அவன் கடைசி வருடம் வரை யாரிடமும் சொல்லவில்லை, சோம்பேறி என்ற பட்டத்தோடு இருந்துவிட்டான். 'ஏன் சொல்லவில்லை?' என்று நான் அவனிடம் கேட்டபோது, "உன் அலைச்சலைப் பார்த்துட்டுத்தான்" என்றான். எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். கல்லூரியில் வாங்கிய எந்த அனுமதியும் அங்கே செல்லாது, ஒவ்வொரு தேர்வு வாரியத்துக்கும் அதன் அறிவிக்கையில் இருக்கும் படிவத்திலேயே மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதே ஸ்கிரைப் வேண்டுமா, கூடுதல் நேரம் வேண்டுமா என்ற கட்டங்களைக் குறித்துவிடுங்கள், பிறகு சேர்க்க விட மாட்டார்கள். அறிவிக்கை வந்த வாரமே ஜி.எச்.சுக்குப் போய்விடுங்கள். படிவம், வழிகாட்டுதல், ஓ.பி. சீட்டு, யுடிஐடி நகல், பழைய நோட்டு ஒன்று. புகைப்படம் கூடுதலாகவே எடுத்துப் போங்கள், உங்களுடையதும் ஸ்கிரைப்புடையதும்.